மூடிய கம்பெனிகளையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர்கள் தொடங்கும் ஸ்டார்ட்அப்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை கம்பெனி பதிவானது, யாருக்கு எவ்வளவு முதலீடு வந்தது என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் தொழில்முனைவு மையத்தைத் தொடங்கி, அன்று முதல் அதற்குத் தலைவராக இருந்துவிட்டு இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். அந்தப் பட்டியலில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகத்தான் இந்தக் கடிதம்.

ஆரம்பத்தில் நானும் கம்பெனிகளைத்தான் எண்ணினேன். அமெரிக்காவில் 1984-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் 1990-இல் எம்.ஐ.டி.யிலும் தொடங்கிய தொழில் திட்டப் போட்டிகளைப் பார்த்து நாங்களும் ஒரு போட்டி வைத்தோம். பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து நாற்பது பக்கத் திட்டம் எழுதுவார்கள். ஐந்து ஆண்டு வருமானக் கணக்கு அதில் பைசா சுத்தமாக இருக்கும். பொருளை வாங்கப்போகிறவர் ஒருவரிடமாவது பேசினீர்களா என்று கேட்டால் பதில் வராது. மேடையில் பரிசு வாங்கிய குழு தேர்வு முடிவதற்குள் கலைந்துவிடும். ஆண்டறிக்கையில் மட்டும் அது வெற்றியாக நிற்கும். அந்த அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

மாற்றம் வந்தது 2011-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பல கம்பெனிகளைத் தொடங்கி அனுபவப்பட்ட ஸ்டீவ் பிளாங்க் வேறு மாதிரி ஒரு வகுப்பைத் தொடங்கினார். திட்டம் எழுதாதே, வெளியே போய் ஆட்களைப் பார் என்பதுதான் பாடமே. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதே ஆண்டு அதைத் தன் ஆராய்ச்சியாளர்களுக்கான பயிற்சியாக எடுத்துக்கொண்டது. ஏழு வாரத்தில் ஒரு குழு 100 பேரையாவது சந்திக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பும் தேர்வும் இருப்பதால் நாங்கள் முப்பது பேர் என்று வைத்துக்கொண்டோம். பொருளை விற்கப் பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். கேட்டதை அன்றே நோட்டில் எழுத வேண்டும். இவ்வளவுதான் விதி.

ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். முதியவர்களுக்கு நேரத்துக்கு மாத்திரையை நினைவூட்டும் பெட்டி ஒன்றை மூன்று பேர் செய்தார்கள். நேரமானால் விளக்கு எரியும், மணி அடிக்கும், பிள்ளைகளின் போனுக்குச் செய்தி போகும். நீண்டகால நோய்க்கு மருந்து சாப்பிடுவோரில், வசதியான நாடுகளிலேயே பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னதை முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மீதிப் பாதி மறந்துவிடுகிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒன்பதாவதாக அவர்கள் பார்த்தது தனியாக வசிக்கும் ஓர் அம்மாவை. அவர் மாத்திரை அட்டைகளைப் பல் துலக்கும் பிரஷ் வைக்கிற குவளையிலேயே வைத்திருந்தார். ஒரு நாளும் கண்ணில் படாமல் போகாது. ஆனால் ஓர் அட்டையில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் கிழிந்திருந்தது. மறந்துட்டீங்களா பாட்டி என்று கேட்டிருக்கிறார்கள். "மறக்கலப்பா, போட்டா தலை சுத்துது. டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவார்னு நானே பாதியாக் குறைச்சுக்கிட்டேன்" என்றாராம். அப்புறம் பார்த்த வீடுகளிலும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். பயம், செலவு, சலிப்பு என்று காரணங்கள் வந்தன. மறதி குறைவாகத்தான் வந்தது.

நான்காவது மாதம் மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். "சார், நிறுத்திடலாம்னு இருக்கோம். மணி அடிச்சா அந்தப் பாட்டிக்குத் தலை சுத்தறது நிக்காது" என்றார்கள். எங்கள் மையத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான வாக்கியம் அது. போவதற்கு முன், அந்த அம்மாவிடம் திரும்பப் போய் டாக்டரிடம் அதைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் கடையைக் கட்டினார்கள். அந்த ஆண்டுப் படிவத்தில் இதை எழுத எனக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 'தொடங்கிய நிறுவனங்கள்' என்ற கட்டத்தில் ஒன்றைக் கழித்தேன்.

படிக்கும்போதே கம்பெனி நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்று நினைக்கிறேன். 1947-இல் ஹார்வர்டில் பேராசிரியர் மைல்ஸ் மேஸ் முதன்முதலாகத் தொழில்முனைவுப் பாடம் எடுத்தபோது எதிரே இருந்தவர்களில் பலர் போர்முனை பார்த்துத் திரும்பியவர்கள். நம்மிடம் வருவது பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பியர் அசூலேயும் சக பொருளாதார அறிஞர்களும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. இருபதில் விதைத்ததை இருபத்திரண்டில் அறுவடைக் கணக்குக் கேட்டால் மாணவர்கள் பதிவு மட்டும்தான் செய்வார்கள்.

கம்பெனி எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தியதில் நட்புகள் உடைந்ததையும் பார்த்திருக்கிறேன். மூன்று நண்பர்கள் பங்கை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு ஆறாம் மாதம் வேலை கிடைத்துப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரிலேயே கிடக்கும், மற்ற இருவரும் வருடக்கணக்கில் உழைப்பார்கள். பங்கு நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் ஒன்றும் கிடையாது என்பது இந்தத் தொழிலில் வழக்கமான ஏற்பாடுதான். சண்டை வந்த பிறகு அதை எழுத முடியாது. எங்கள் மையத்தில் இப்போது முதல் வாரமே எழுதிவிடுகிறோம். ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்படித்தான்.

எனவே அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள் என்று வேண்டுகிறேன். மாணவர்கள் எத்தனை பேரை நேரில் பார்த்தார்கள்? எதை ஏன் நிறுத்தினார்கள்? எங்கள் மையத்தில் நிறுத்திய குழுக்களின் நோட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. புதிதாகச் சேரும் குழு, பொருளைச் செய்யத் தொடங்குமுன் அவற்றில் இரண்டையாவது படிக்க வேண்டும். சாவியை அடுத்து வருபவரிடம் கொடுக்கப்போகிறேன். உங்கள் கட்டுரையாளர் வந்து பார்க்க விரும்பினால், பெயர்களை மறைத்துக் காட்ட அந்த மாணவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெறும் பேராசிரியர் ஒருவர்