அட்டையைப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாயமும் மந்திரமும் நிறைந்த மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்களையும், பாத்திரங்களாக வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளிலிருந்து பிறந்த சாகச நாவல்களையும் ஒப்பிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படிக்கக் கிடைக்கும் இந்நூல்களைப் பற்றித் தமிழில் இத்தனை பேர் அக்கறையோடு வாதிடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அக்கடிதங்களுள் பல ஒரே தடத்தில் செல்கின்றன. மிகுபுனைவு என்பது ஓர் எழுத்தாளரின் கற்பனையில் தனித்து விளைந்தது என்றும், விளையாட்டு நாவல் என்பது பகடை உருட்டிய மேசையிலிருந்து அள்ளப்பட்ட சரக்கு என்றும், ஆகவே முன்னது இலக்கியம், பின்னது பொழுதுபோக்கு என்றும் அவை பிரிக்கின்றன. பிரிவினை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பதே என் கருத்து.

மூன்று நாவல்களை எடுத்துக்கொள்வோம். 1982-இல் வெளிவந்த ரேமண்ட் ஃபைஸ்ட்டின் ‘மெஜீஷியன்’, 1984-இல் வெளிவந்த மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரின் ‘டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்’, 1999-இல் வெளிவந்த ஸ்டீவன் எரிக்சனின் ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ ஆகிய மூன்றுமே விளையாட்டு மேசையில் உருவான உலகங்களில் நிகழ்பவை. ஃபைஸ்ட்டின் மிட்கெமியா, சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவரும் நண்பர்களும் வேடமேற்று ஆடிய ஆட்டத்திற்காக வரைந்த நிலம். எரிக்சனும் அவர் நண்பர் இயன் எஸ்லமாண்ட்டும் தம் மலாஸான் பேரரசை 1980களில் நெடுங்காலம் ஆடி ஆடியே வளர்த்தார்கள். இருவரும் தொல்லியல் பயின்றவர்கள் என்பதால் அவ்வுலகின் மண்ணடுக்குகளுக்குக் கூட வரலாறு உண்டு. வைஸும் ஹிக்மனும், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை 1974-இல் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் ஊழியர்களாக இருந்து, அந்நிறுவனம் திட்டமிட்ட சாகசத் தொகுதிகளுக்கு, அதாவது ஆடுவோருக்காக முன்கூட்டியே எழுதப்பட்ட கதைத்தடங்களுக்கு, துணையாக நாவலை எழுதினார்கள். மூன்றும் ஒரே வகைக் கருவறையிலிருந்து வந்தவை. இருந்தும் தங்கள் வாசகர்கள் எரிக்சனைக் கடினமான, கனமான எழுத்தாளர் எனப் போற்றுகிறார்கள். ஃபைஸ்ட்டை மரபான மிகுபுனைவின் வரிசையில் வைக்கிறார்கள். வைஸ்–ஹிக்மனை மட்டும் விளையாட்டு நாவலாசிரியர்கள் என்று ஒதுக்குகிறார்கள். மூன்றாமவரின் நூலட்டையில் விளையாட்டு நிறுவனத்தின் சின்னம் இருந்தது, மற்ற இருவரின் அட்டைகளில் இல்லை என்பதைத் தவிர இந்தப் பாகுபாட்டுக்கு வேறு ஆதாரம் எனக்குத் தென்படவில்லை.

விதிகளும் எண்ணிக்கைகளும் கற்பனையைக் கட்டிப்போடுகின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மந்திரவாதி ஒரு நாளைக்கு இத்தனை மந்திரங்கள்தாம் சொல்லலாம், சொன்னவுடன் அவை நினைவிலிருந்து அழிந்துவிடும், மறுநாள் நூலைப் பார்த்து மீண்டும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்னும் ஏற்பாட்டை அவர் விளையாட்டின் கணக்குப் புத்தியாகக் காண்கிறார். ஆனால் அந்த ஏற்பாடு விளையாட்டில் தோன்றியதன்று. ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ நூலில் மஸீரியன் என்னும் மந்திரவாதி கடும் பயிற்சியால் வலிமை மிக்க மந்திரங்கள் நான்கை, அல்லது எளியவை ஆறை மட்டுமே மனத்தில் ஏற்ற முடியும். பகடை மேசைக்கு வருவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிக்கை கதைக்குள் வந்துவிட்டது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979-இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பில் தமக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டபோது, மிக நேரடியான தாக்கம் செலுத்தியோருள் வான்ஸையும் ராபர்ட் ஹோவர்டையும் ஃபிரிட்ஸ் லைபரையும் குறிப்பிட்டார். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் அப்பட்டியலில் இருக்கிறார். ஆனால் அந்த முதன்மை வரிசையில் இல்லை. விளையாட்டு நாவல்கள் அனைத்தும் டோல்கீனின் நகல்கள் என்று எழுதும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கதைக்கு விதி பகையன்று என்பதற்கு நாம் வான்ஸ் வரை போகவும் தேவையில்லை. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும், வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும் என்ற இரு நிபந்தனைகளுக்கிடையில் விக்கிரமாதித்தனை நிறுத்திய கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். அங்கே விதியை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

அப்படியானால் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? அந்த உலகம் யாருடைய உடைமை என்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபைஸ்ட் தம் நகரங்களுள் ஒன்றை எரிக்க விரும்பினால் எரிக்கலாம். நிறுவனத்தின் உலகில் எழுதுபவர் ஒரு நகரை எரிப்பதற்கு அனுமதி பெற வேண்டும்; சில வேளைகளில் எரிக்க விருப்பமில்லாதபோதும் எரித்தாக வேண்டும். டி.எஸ்.ஆர். நிறுவனம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்காக வெளியிட்ட ‘ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்’ என்னும் உலகின் வரலாற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1989-இல் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, முந்தைய பதிப்பில் ஆடுவோர் தேர்ந்துகொள்ளக்கூடிய வகுப்பாக இருந்த ஒளிந்து கொல்லும் கொலைஞர் வகுப்பு விதிநூலிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த, கடவுளர் மண்ணுக்குத் தள்ளப்படும் முப்பகுதி நாவலில், ஒரு கொடுங்கடவுள் இன்னொரு கடவுளோடு போரிடுவதற்காக அவ்வுலகின் கொலைஞர்கள் அனைவரின் உயிரையும் உறிஞ்சிக்கொள்கிறான். விதிநூலில் அழிக்கப்பட்ட ஒரு பக்கம், கதையில் ஒரு பெருஞ்சாவாக நிகழ்ந்தது.

இது ஒருமுறை நடந்து முடிந்ததன்று. 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது அவ்வுலகின் காலமே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. ஆர்.ஏ. சால்வடோர் 1988 முதல் எழுதிவந்த டிரிஸ்ட் என்னும் வீரன் நெடுநாள் வாழும் எல்ஃப் இனத்தவன் என்பதால் அந்த நூற்றாண்டைக் கடந்துவிடலாம். அவனுடைய மனிதத் தோழர்களால் கடக்க இயலாது. அவன் அன்பு கொண்ட பெண்ணும் குறுமனித நண்பனும் 2009-இல் வெளிவந்த நாவலில் இறந்தார்கள். ஐந்தாம் பதிப்புக்கு முன்னோடியாக 2013-இல் வெளிவந்த நாவலில் அவர்கள் மறுபிறவி எடுத்துத் திரும்பினார்கள். அந்த மறுபிறவியைச் சால்வடோர் திறமையாகவே எழுதினார், குழந்தைப் பருவ அத்தியாயங்கள் சில மிக நன்றாக இருக்கின்றன. ஆயினும் ஒரு மரணத்தின் எடை வாசகரின் மனத்தில் நிலைத்திருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் உரிமை முழுவதும் எழுத்தாளரிடம் இருந்திருக்குமா என்ற ஐயம் படிக்கும்போது எழாமல் இல்லை. மிகுபுனைவையும் விளையாட்டு நாவலையும் ஒப்பிடும்போது நாம் கேட்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் மீது வைஸும் ஹிக்மனும் 2020-இல் வழக்குத் தொடுத்தார்கள். தாங்கள் எழுதிக்கொண்டிருந்த புதிய நாவல் வரிசையைத் தொடர அந்நிறுவனம் மறுத்தது என்பதே அவர்கள் புகார். வழக்கு அவ்வாண்டு இறுதியிலேயே திரும்பப் பெறப்பட்டது. வரிசையின் முதல் நூல் 2022-இல் வந்தது. தாம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்த உலகில் ஒரு கதை சொல்ல, அதைப் படைத்தவர்களே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

இதைச் சொல்வதால், உரிமம் பெற்று எழுதப்பட்டவை யாவும் தாழ்ந்தவை என்று பொருளாகாது. அந்த வரிசைக்குள்ளேயே வேறுபாடுகள் மிகுதி. தங்கள் வாசகர்கள் பேசாமல் விட்டதும் அதுவே. வைஸ்–ஹிக்மனின் முதல் நாவல் சாகசத் தொகுதிகளின் வழித்தடத்தை ஒட்டிச் செல்வது படிக்கும்போதே தெரிகிறது. இடிந்த நகரம், சண்டை, ஓய்வு, அடுத்த கோட்டை, மீண்டும் சண்டை என்று பயண வரைபடத்தில் விரல் நகர்வதுபோல் அத்தியாயங்கள் நகர்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து 1986-இல் அவர்கள் தொடங்கிய அடுத்த முப்பகுதி நாவல், முன்கூட்டியே வகுக்கப்பட்ட எந்தச் சாகசத் தொகுதியையும் பின்பற்றவில்லை. இரட்டைச் சகோதரர்களான வீரன் கேரமன், மந்திரவாதி ரைஸ்ட்லின் இருவருக்கிடையிலான பாசமும் வெறுப்பும் அதில் முழுக் கதையாகின்றன. அதே உலகம், அதே எழுத்தாளர்கள், அதே நிறுவனம். ஆனால் நாவலின் தரம் பலபடி உயர்ந்திருக்கிறது. ஆகவே குறை விளையாட்டில் இல்லை, விளையாட்டின் கால அட்டவணையில் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

விளையாட்டு மேசை கொடுத்த நல்லவற்றையும் மறைக்கக் கூடாது. ரைஸ்ட்லினின் கரகரத்த கிசுகிசுக் குரல் எழுத்தாளர்கள் தனியே அமர்ந்து யோசித்ததன்று. சோதனை ஆட்டத்தில் அந்தப் பாத்திரத்தை ஏற்ற நண்பர் ஒருவர் அப்படிப் பேசினார், அக்குரலே நாவலுக்குள் வந்தது. நாள்தோறும் மந்திரங்களை மனப்பாடம் செய்தாக வேண்டும் என்ற வான்ஸின் பழைய விதி, நோயுற்ற அந்த இளைஞன் இரும இருமத் தன் நூலைப் புரட்டும் காட்சிகளில் அவன் பலவீனத்தின் அடையாளமாகவும் பேராசையின் அடையாளமாகவும் மாறுகிறது. சால்வடோரின் டிரிஸ்ட்டும் அவ்வாறே. நிலத்தடியில் வாழும் கருநிற எல்ஃப்கள் இயல்பிலேயே தீயவர்கள் என்று விதிநூல் ஒரே சொல்லில் எழுதி வைத்திருந்தது. கதாநாயகனுக்குத் துணைப்பாத்திரம் வேண்டும் என்று தொலைபேசியில் பதிப்பாசிரியர் கேட்டபோது அந்தக் கணத்தில் தோன்றிச் சொன்ன பாத்திரமே டிரிஸ்ட் என்று சால்வடோர் கூறியிருக்கிறார். விதி தீயவன் என்று முத்திரை குத்திய இனத்தில் பிறந்தவன் அம்முத்திரையைச் சுமந்துகொண்டே ஊர் ஊராக நடக்கிறான். கதவுகள் அவனுக்கு மூடப்படுகின்றன. விதிநூலின் அநீதியை நாவல் தன் கருப்பொருளாக்கிக் கொண்டது. வெகுகாலம் கழித்து, 2021-இல், நிறுவனமே அவ்வினத்தாரை ஒரே அச்சில் வார்க்காமல், வேறு பண்பாடுகளைக் கொண்ட கிளைகளும் அவர்களுள் உண்டு என்று அறிவித்தது. நாவல் விளையாட்டைத் திருத்திய இடம் இது.

போலந்து எழுத்தாளர் ஆந்த்ஜெய் சாப்கோவ்ஸ்கியின் ‘விட்சர்’ கதைகளை விளையாட்டு நாவல்களின் பட்டியலில் சேர்த்திருந்த கடிதத்தைப் பற்றி ஒரு சொல். அக்கதைகளுள் முதலாவது 1986-இல் இதழொன்றில் வெளிவந்தது; கணினி விளையாட்டு 2007-இல் வந்தது. விளையாட்டை முதலில் கண்டவர்களுக்கு நாவல் அதன் நிழலாகத் தோன்றுவது இயல்பு, ஆனால் பட்டியலிடும்போது ஆண்டைப் பார்ப்பது நலம். ஜப்பானில் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்’ எதிர்த்திசையில் நடந்தது: 1986-இல் ஓர் இதழில் ஆட்டத்தின் உரையாடலே பதிவாக அச்சிடப்பட்டு, 1988-இல் நாவலாயிற்று.

பாத்திரங்களின் நிலை, வலிமை, திறன் ஆகியவற்றை எண்களாகவே அச்சிடும் அண்மைக்கால நாவல்களை எல்லாரும் ஒருமுகமாகக் கண்டித்திருக்கிறார்கள். அவற்றுள் மிகப் பல கண்டிக்கத்தக்கவையே. ஒருவன் துணிவு பெற்றான் என்பதைக் காட்டத் தெரியாதபோது எண்ணைக் கூட்டிவிடுவது சோம்பல். எனினும் மேட் டினிமன் 2020-இல் தொடங்கிய ‘டன்ஜன் கிராலர் கார்ல்’ வரிசையை அவற்றோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பூமி அழிந்தபின் எஞ்சியோரைப் பதினெட்டு அடுக்கு நிலவறைக்குள் இறக்கி, அவர்கள் சாவதை வேற்றுக்கிரகத்தாருக்கு நிகழ்ச்சியாக ஒளிபரப்பும் நிறுவனம் ஒன்று அதில் வருகிறது. அங்கே எண்கள் வெறும் அலங்காரம் அல்ல. பிறர் உயிரை வைத்து ஆதாயம் பார்ப்பவர்களின் கணக்கேடு. விதியை எழுதுபவர் யார், அதனால் யாருக்கு வருமானம் என்ற கேள்வியைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்த விளையாட்டு நாவல் அது. பேசும் பூனை ஒன்றும் வருகிறது; அதன் ஆணவத்துக்காகவே படிக்கலாம்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இவ்வகை நூல்களுக்கு அறிமுகமோ வாசகர் பட்டியலோ வெளியிடும்போது, நூலின் பெயருக்குக் கீழே விளையாட்டு முன்னதா நாவல் முன்னதா என்பதையும், அந்த உலகின் உரிமை எழுத்தாளரிடமா நிறுவனத்திடமா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் நன்று. ‘மெஜீஷியனை’யும் ‘ஆட்டம் ட்வைலைட்’டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். எது சிறந்தது என்று நாங்கள் அப்போதும் சண்டையிடுவோம். நானும் அதில் ‘மெஜீஷியன்’ பக்கமே நிற்பேன், ஆனால் அது மேசையில் பிறக்கவில்லை என்ற காரணத்துக்காக அல்ல.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.