வாக்குமூலத்தில் விடுபட்டவள்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். சாமி மக்களின் பழைய வழிபாட்டைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். சாமி மக்கள் என்றதும் அவள் நம் ஊர்ச் சாமி என்றே எடுத்துக்கொண்டாள். அது ஓர் இனத்தின் பெயர், நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என்று நான்கு நாட்டின் வடகோடியிலும் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். குளிருக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று அவள் தனியாக எழுதுவாள்.

நீ சொன்ன ஆண்டர்ஸ் பவுல்சன் வழக்கு என் மனதை விட்டு அகலவில்லை. அவ்வளவு வயதான சாமி மனிதரிடமிருந்து சடங்கு மேளத்தைப் பறித்து, 1692-இல் நார்வேயின் வாட்சோவில் சூனியக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மேளத்தில் வரைந்திருந்த உருவங்களை ஒவ்வொன்றாக அங்கே அவர் விளக்கியிருக்கிறார். மேளத்தின் சொந்தக்காரரே சொன்னது என்பதால் அந்தப் பதிவுக்கு இவ்வளவு மதிப்பு என்கிறாய். சரிதான். ஆனால் அது உயிருக்குப் பயந்து நின்றவரின் வாக்குமூலம், கயல். பல உருவங்களுக்கு அவர் கிறிஸ்தவப் பெயர் சொன்னதை அந்தப் பயத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தீர்ப்பு வருமுன்பே காவலில் வைத்து யாரோ கோடரியால் கொன்றுவிட்டார்கள் என்று படித்ததும் தாளை மூடி வைத்துவிட்டேன்.

முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவன் நான். ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. ஒரு நிலத் தகராறு. கூண்டில் ஒரு பாட்டி. வரப்போரத்துக் கல்லைப் பற்றிக் கேட்டார்கள். "அது எங்க ஆத்தாங்க. வருசா வருசம் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுவோம்" என்றார். நான் ஆங்கிலத்தில் அடித்த வரி இதுதான்: 'நிலத்தின் மேற்கே ஒரு கல் உள்ளது.' வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டோம். அந்தத் தாளில் ஆத்தா இல்லை. நாளைக்கு யாராவது அந்த இடத்தைத் தோண்டினால் எண்ணெய்ப் பிசுக்கு கிடைக்கும். அப்போதும் ஆத்தா கிடைக்கமாட்டாள். அவள் இருந்தது அந்தப் பாட்டியின் வாயில்.

உங்கள் பின்லாந்து ஊலு பல்கலைக்கழகத்தார் சாமி மக்கள் கும்பிட்ட சியெய்திக் கற்களைச் சுற்றித் தோண்டித் துருவமான் எலும்பும் மீன் முள்ளும் எடுத்ததை எழுதியிருந்தாய். உளி படாத இயற்கைக் கல்லுக்குக் கொழுப்பும் ரத்தமும் பூசினார்கள் என்றபோது அந்தப் பாட்டிதான் என் கண்முன் வந்தார். பின்லாந்தின் வடக்கே இனாரி ஏரித் தீவில் ஆர்தர் எவான்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1873-இல் வெள்ளி அணியின் துண்டைக் கண்டெடுத்தது பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, இனாரி சாமி மொழியில் அந்தத் தீவின் பெயரே 'தாத்தா' என்பது. வெள்ளித் துண்டு எந்தக் காலம், எந்தத் தேசம் என்று சொல்லும். அங்கே போனவர்கள் யாரைப் பார்க்கப் போனார்கள் என்பதைப் பெயர்தான் சொல்கிறது.

லெய்போல்மாய் என்ற வேட்டைத் தெய்வத்தைப் பற்றி நீ எழுதியதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். லெய்பி என்றால் ஆல்டர் மரம், ஓல்மாய் என்றால் ஆள். அந்த மரப்பட்டையின் சிவப்புச் சாற்றில்தான் மேளத்து உருவங்களை வரைந்தார்கள். கரடி வேட்டை முடிந்து வருகிறவர்கள்மேல் பெண்கள் மென்று துப்பியதும் அதே சாறு. மேளத் தோலில் இருக்கும் கறையும் நாவில் இருக்கும் சொல்லும் ஒரே மரத்துக்குப் போகின்றன. இப்படி இரண்டும் சேரும் இடங்களைத் தேடிப் பிடி. சாமி, தாத்தா என்று நம் சொல்லை அங்கே பொருத்திப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது.

இனாரி சாமி மொழியை இப்போது சில நூறு பேர்தான் பேசுகிறார்கள், 1997 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே பேசிப் பழக்கும் மொழிக்கூடு நடத்தி மீட்டு வருகிறார்கள் என்றாய். வகுப்பு இல்லாத நாளில் அங்குள்ள பாட்டிமார் பக்கத்தில் போய் உட்கார். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போகாதே, சும்மா போ. பவுல்சனின் மேளம் டென்மார்க்கிலிருந்து நார்வேயின் சாமி ஊரான கராஷோக்குக்கு முழு உரிமையோடு திரும்பியது 2022-இல்தான். இப்படிக் கொண்டுபோனவர்களைப் பற்றிய நினைவு சாமி மக்களின் வீடுகளில் இருக்கும்.

பவுல்சன் வழக்கின் பதிவைப் படிக்கும்போது ஒரு பென்சில் வைத்துக்கொள். எது அவர் வாயிலிருந்து வந்த சொல், எது என்னைப் போல ஒருவன் எழுதிய சொல் என்று வரிவரியாகக் குறித்துப் பார். குறித்த பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா