ஏன் இரண்டு தரம் கை வைத்தார்?

வட்டக்கச்சி

அன்பின் மச்சான்,

அன்றைக்குப் போனில் நீ பேத்தியின் கேள்வியைச் சொன்ன நேரம் இங்கே தகரத்தில் மழை அடித்த அடியில் அரைவாசிதான் காதில் விழுந்தது, பிறகு லைனும் போய்விட்டது. திருப்பி எடுத்திருக்கலாம். ஆனால் இது போனில் கதைத்து முடிக்கிற விசயம் இல்லை என்று பட்டது, அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

முதலில் வீட்டுப் புதினம். எல்லோரும் சுகம். இரணைமடுக் குளம் நிறைந்ததால் காலபோகம் பரவாயில்லை, அருவி வெட்டுகிற நேரத்தில் வந்த மழை மட்டும் ஒரு பக்கத்து நெல்லைச் சாய்த்துவிட்டது. சிறுபோகத்துக்கு எங்கள் பக்கம் எவ்வளவு காணிக்குத் தண்ணீர் என்று இன்னும் சொல்லவில்லை. வலது கண்ணில் புரைக்கு ஒப்பரேசன் செய்தேன், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், உன் பேத்தியின் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

பிள்ளை கேட்டது இதுதானே: இயேசு மற்ற ஆட்களை ஒரு சொல்லில், ஒரு தொடுகையில் சுகப்படுத்தினார், பெத்சாயிதாவில் அந்தப் பார்வையில்லாத மனிதனுக்கு மட்டும் ஏன் இரண்டு தரம் கை வைக்க வேண்டி வந்தது, முதல் தரம் சரிவரவில்லையா? நல்ல கேள்வி மச்சான். பதில் தெரியாது என்று நீ சொன்னதும் நல்லதுதான், சும்மா ஏதாவது சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்காமல் விட்டாயே.

கதை ஐந்து வசனம்தான், மாற்கு 8ஆம் அதிகாரம், 22 முதல் 26 வரை. வேறு எந்த நற்செய்தியிலும் இல்லை. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, அப்படியென்றால் இருவருமே இந்த இடத்தை வாசித்துவிட்டு விட்டுவிட்டார்கள். உன் பேத்திக்கு வந்த சங்கடம் அவர்களுக்கும் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மாற்கு மட்டும் அந்த அரைகுறையை மறைக்காமல் எழுதி வைத்தார், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சின்ன வயதிலிருந்து இதற்கு இரண்டு விளக்கம் கேட்டிருக்கிறேன். ஒன்று, அந்த மனிதனுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால் சுகமும் பாதியாக வந்தது என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஐந்து வசனத்தில் விசுவாசம் என்ற பேச்சே இல்லை. இல்லாத குறையை ஒரு நோயாளியின் தலையில் சுமத்துகிற பிரசங்கத்தை இந்த ஊரில் போதுமான அளவு கேட்டுவிட்டோம், பிள்ளையைத் தொலைத்த தாயிடம் போய் உன் ஜெபம் போதவில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

மற்றது கொஞ்சம் கனமான விளக்கம். இதற்குச் சற்று முன்னால் படகில் வைத்து இயேசு சீடர்களிடம், கண்ணிருந்தும் காணவில்லையா என்று கேட்கிறார். இது முடிந்த கையோடு பிலிப்புச் செசரியாப் பக்கம் போகும்போது பேதுரு, நீர் மெசியா என்று சொல்கிறார். சொன்ன வாய் மூடுமுன், மெசியா பாடுபடவேண்டும் என்பதைக் கேட்கப் பொறுக்காமல் இயேசுவையே கடிந்துகொண்டு ஏச்சு வாங்குகிறார். ஆளைத் தெரிகிறது, யாரென்று தெளியவில்லை. அதன் பிறகு மூன்று தரம் தம்முடைய சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எருசலேமை நோக்கி நடக்கிறார், அந்த வழியின் கடைசியில் எரிகோவில் இன்னொரு பார்வையில்லாதவன், பர்த்திமேயு, உடனே பார்வை பெற்று அவருக்குப் பின்னாலேயே போகிறான். இரண்டு பார்வையில்லாதவர்களுக்கும் நடுவில் சீடர்களின் மங்கல் பார்வையை வைத்து மாற்கு கட்டியிருக்கிறார் என்பது சரிதான். ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. அப்படி மட்டும் வாசித்தால் அந்த மனிதன் கரும்பலகையில் கீறிய படமாகிவிடுகிறான், சீடருக்குப் பாடம் நடத்தி முடிந்ததும் அழித்துவிடலாம்.

எனக்கு இந்தக் கதையைத் திறந்துவிட்டது என் மருமகன். தங்கச்சியின் மூத்தவன், உனக்கு ஞாபகம் இருக்கும், 2009 சித்திரையில், போரின் கடைசி மாதங்களில், ஷெல் விழுந்து இரண்டு கண்ணும் போனவன். பார்வை பெற்றவர்களின் கதைகளை அவனுக்கு முன்னால் வாசிக்க எனக்கு மனம் வராது. ஞாயிறு பூசையில் அப்படி ஒன்று வந்தால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவனாகத்தான் ஒருநாள், மாமா அந்த மரம் மாதிரித் தெரிஞ்ச ஆளின்ர கதையை வாசியுங்கோ என்று கேட்டான். என் மனைவி மிசன் சபைக் குடும்பத்துப் பெண், அவளுடைய பழைய வேதாகமம்தான் பக்கத்தில் இருந்தது. அதில் அந்த மனிதன் சொல்வது இப்படி: “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்.”

வாசித்து முடிய அவன் சொன்னான், மாமா நீங்கள் ஒரு இடத்தை ஓட்டமா வாசிச்சிட்டியள். இயேசு அவன்ர கண்ணில துப்பினது, கை வைச்சது எல்லாம் பிறகுதான். முதல்ல அவர் அவன்ர கையைப் பிடிச்சு ஊருக்கு வெளியில கூட்டிக்கொண்டு போறார். எவ்வளவு தூரம் எண்டு எழுதேல்லை, என்ன கதைச்சுக்கொண்டு போனவை எண்டும் எழுதேல்லை.

மச்சான், அந்த வசனத்தை நான் எத்தனை தரம் தாண்டிப் போயிருப்பேன். பார்வையில்லாத ஒருவரோடு நடப்பது எப்படி என்று அவன்தான் எனக்குப் பழக்கினவன். என்ர கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ, நான் உங்கட முழங்கையைப் பிடிக்கிறன், நீங்கள் நடவுங்கோ, பள்ளம் வந்தால் சொல்லுங்கோ. அப்படி நடக்கும்போது நீ உன் வேகத்தில் போகமுடியாது, எட்டு வைக்கிற ஒவ்வொரு இடத்தையும் இரண்டு பேருக்காகப் பார்க்கவேண்டும். கூட்டத்தை விட்டுவிட்டு இயேசு அப்படி ஒரு நடை நடந்திருக்கிறார்.

அடுத்தது அந்தக் கேள்வி. ஏதாவது தெரிகிறதா என்று இயேசு கேட்கிறார். வேறெந்தக் குணமாக்கலிலும் செய்த பிறகு நின்று இப்படிக் கேட்டதாக நான் வாசித்ததில்லை. மருமகன் சொன்னான், அவனிட்டை நேரா கேக்கிறார் மாமா, கூட்டிக்கொண்டு வந்த ஆக்களிட்டைக் கேக்கேல்லை. கடைக்குப் போனால் இவனுக்கு என்ன வேணும் என்று என்னிடம்தான் கேட்பார்கள், அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். கந்தோரிலும் அப்படித்தான். பதினைந்து வருசத்துக்கு மேலாக அவன் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி என் கண் கதை. ஒப்பரேசன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று டொக்டர், ஐயா இப்ப எப்படித் தெரியுது என்று கேட்டார். நல்ல மனிதர், எனக்குப் பின்னால் நாற்பது பேராவது வாங்கில் இருந்தார்கள். எனக்கோ பனிக்குள் பார்ப்பதுபோல இருந்தது. ஆனாலும் வடிவாத் தெரியுது டொக்டர் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவ்வளவு செய்தவருக்குக் குறை சொல்வதா என்ற கூச்சம், கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற பழக்கம். வீட்டுக்கு வந்தால் கிணற்றடியிலிருந்து மனைவி வாளியோடு வருவது ஒரு அடிமரம் அசைந்து வருவதுபோலத் தெரிந்தது. மூன்றாம் நாள் அவளே என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்குள் வீக்கம் இருக்கிறது என்று சொட்டு மருந்தை மாற்றித் தந்தார்கள், இரண்டு கிழமையில் தெளிந்தது. ஏன் முதலே சொல்லவில்லை என்று டொக்டர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து பெத்சாயிதாக்காரனை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முன்னால் நிற்பவரோ ஊரெல்லாம் பேசப்படுகிற போதகர். தெரிகிறது ஆண்டவரே, நன்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஒன்றும் தெரியாமல் இருந்தவனுக்கு மங்கலாகத் தெரிவதே பெரிய காரியம். அவனோ தெரிகிறது, ஆனால் சரியாகத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்கிறான். இயேசுவும் கோபிக்கவில்லை, நன்றி கெட்டவன் என்று சொல்லவில்லை, மறுபடியும் கண்களில் கை வைக்கிறார். என்னைக் கேட்டால் அற்புதம் அங்கேதான் இருக்கிறது. முதல் தரம் சரிவரவில்லையா என்று உன் பேத்தி கேட்டால், ஓம் பிள்ளை, முழுதாக வரவில்லை, அதை அவன் சொல்லக்கூடியதாக இருந்தது, அவர் கேட்கக்கூடியவராக இருந்தார் என்று சொல்.

நீ 2009இல் இங்கே இருக்கவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்புப் பக்கம் ஒரு விடியற்காலை, புகையும் பனியும் கலந்திருந்தது, முன்னால் போகிற சனத்தைப் பார்த்தேன். தலையில் மூட்டை, அதன் மேல் பாய்ச்சுருள், ஒருவர் கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்திருந்தார், கால்கள் நாலும் கிளைபோல மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மரங்கள் நடந்து போனது போலத்தான் இருந்தது. உண்மையான மரங்களோ வட்டுப் பறந்த பனைகளாக அசையாமல் நின்றன. மருமகன் கடைசியாகப் பார்த்தவற்றில் அந்தப் பனைகளும் உண்டு. பெத்சாயிதாக்காரன் பிறவியிலேயே பார்வையில்லாதவனாக இருக்கமுடியாது, முந்தி மரம் பார்த்தவன்தான் மரம் மாதிரி எண்டு சொல்லுவான் என்கிறான். குருமடத்தில் படித்த ஒருவரிடம் கேட்டேன், குணமடைந்தான் என்று வருகிற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பினான் என்ற கருத்து உண்டாம்.

இந்த ஊருக்கும் கொஞ்சம் பார்வை வந்தது மச்சான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஏ9 வீதி பளபளவென்று கிடக்கிறது, 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, கல்வீடுகள் எழும்பின. வருகிறவர்கள் எல்லாம், இப்ப எல்லாம் சரிதானே என்று கேட்கிறார்கள், நாங்களும் ஓம் ஐயா என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வந்து இருந்த தாய்மார்தான், இல்லை, எங்களுக்குத் தெரியவில்லை, எங்கே எங்கள் பிள்ளைகள் என்று உரத்துச் சொன்னவர்கள். பிள்ளையைக் காணாமலே அதில் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். இரண்டாவது தரம் கை வைக்க யார் வந்தார்கள்?

கடைசி வசனத்தையும் விடக்கூடாது. சுகமானவனை, ஊருக்குள் போகாதே என்று நேரே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஊர் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும் என்று நிறுத்தி வைக்கவில்லை. உதவி வாங்கின கையோடு பதாகைக்கு முன்னால் நின்று எத்தனை படத்துக்கு முகம் காட்டியிருப்போம், எனக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும்.

சரி, மருமகனிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன், இந்தக் கதை உனக்கு நோகாதா என்று. நோகும் மாமா, ஆனா அவர் கேட்டதை வாசிக்கேக்க என்னட்டையும் கேட்ட மாதிரி இருக்கு என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆவணி (ஓகஸ்ட்) 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்கு இந்த முறை கட்டாயம் வருவேன் என்றாய், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. வழமைபோல முன்னமே போய் மரத்தடியில் ஒரு கூடாரம் அடித்து வைக்கிறோம். முழங்கை விசயத்தைப் பிள்ளைக்கு இப்போதே சொல்லி வை. அவன் அவளோடு கோயிலைச் சுற்றி நடக்கப்போகிறானாம், கேள்வியையும் தன்னிடமே நேரில் கேட்கட்டும் என்கிறான்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்