இரண்டு முழ தூரத்துக்கு ஊர் சுற்ற வைக்காதீர்கள்: நெட்வொர்க் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் வைஃபையையும் ஃபயர்வாலையும் பராமரிக்கும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உலாவி வழியே ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகக் கோப்பு அனுப்பும் தளங்களை எழுதிப் பராமரிப்பவர்கள் நாங்கள். ஒரே மேசையில் கிடக்கும் மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் நடுவே நீங்கள் எழுப்பியிருக்கும் சுவரில் ஒரு சின்ன வாசல் கேட்டு இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 2 ஜிபி கோப்பு என்றால் சுமார் 16,000 மெகாபிட். இரு கருவிகளும் வைஃபைக்குள்ளேயே 200 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசிக்கொண்டால் 80 விநாடியில் வேலை முடிந்துவிடும். அந்த வழி அடைபட்டால் கோப்பு வெளியே எங்கோ இருக்கும் இடைத்தரகு சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். உங்கள் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 800 விநாடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல். ஏறும் 2 ஜிபியும் இறங்கும் 2 ஜிபியும் சேர்த்து 4 ஜிபி சுமை உங்கள் இணைய இணைப்பின் தலையில்தான் விழுகிறது. இத்தனைக்கும் கோப்பு கடக்க வேண்டிய தூரம் இரண்டு முழம்.

எங்கள் தளங்களுக்கு அடிப்படை, உலாவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேச உதவும் வெப்ஆர்டிசி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக அது 2021 ஜனவரியில் நிலைபெற்றது. பக்கத்தைத் திறந்ததும் இரு உலாவிகளும் தங்களை எட்டக்கூடிய முகவரிகளைத் திரட்டித் தளத்தின் சர்வர் மூலம் மாற்றிக்கொள்கின்றன. உள் நெட்வொர்க் முகவரி ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் நம் முகவரி என்ன என்று சொல்லும் ஸ்டன் சர்வரிடம் கேட்டு அறிந்த வெளி முகவரி இன்னொன்று. மேலே சொன்ன இடைத்தரகு சர்வரான டர்ன் இரவல் தரும் முகவரி மூன்றாவது. ஐஸ் என்ற நெறிமுறை இவற்றை ஜோடி ஜோடியாகச் சோதித்து வழியைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு தரவு டிடிஎல்எஸ் குறியாக்கத்தோடு, பெரும்பாலும் யூடிபி என்ற போக்குவரத்து நெறிமுறையில் ஓடும். தளத்தின் சர்வர் கோப்பைத் தொடுவதே இல்லை.

முதல் தடை உங்களுக்கே தெரியும்: ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாமல் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷன். ஏபி ஐசொலேஷன், பியர்-டு-பியர் பிளாக்கிங் என்று சாதனத்துக்குச் சாதனம் பெயர் மாறும். விருந்தினர் வைஃபையில் அது இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஊழியர்களும் மாணவர்களும் கணக்கு வைத்து உள்நுழையும் எஸ்எஸ்ஐடியிலும் (வைஃபை பெயரிலும்) அதே பெட்டியில் டிக் போட்டு வைப்பதைத்தான் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறோம்.

இரண்டாவது தடையைப் பலர் கவனிப்பதில்லை. இணையப் பக்கங்கள் உள் முகவரியை வேவு பார்க்கக் கூடாது என்று உலாவிகள் சில ஆண்டுகளாக அதை மறைத்துவிட்டு, ‘.லோக்கல்’ என்று முடியும் தற்செயல் பெயரைத் தருகின்றன. எதிர்முனை உலாவி அந்தப் பெயர் யாருடையது என்று 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (பல கருவிகளுக்கும் ஒருசேரச் செல்லும்) முகவரியில், யூடிபி 5353 போர்ட்டில் கேட்க வேண்டும். காற்றலை நேரத்தை மிச்சப்படுத்த நீங்கள் மல்டிகாஸ்டை அடக்கி வைத்திருந்தால் பதில் வராது. ஐசொலேஷன் இல்லாவிட்டாலும் நேர்வழி ஓசையின்றிச் செத்துவிடும். அடுத்து வெளி முகவரி முயற்சி. இரு கருவிகளும், ஒரு வெளி முகவரியைப் பல கருவிகளுக்குப் பகிரும் ஒரே நேட்டுக்குப் பின்னால் இருப்பதால் ரூட்டர் வரை போன பொட்டலத்தை அது அப்படியே உள்ளே திருப்பிவிட வேண்டும். ஹேர்பின் எனப்படும் அந்த வேலையைப் பல ரூட்டர்கள் செய்வதில்லை. மிச்சம் டர்ன்தான். அலைவரிசைச் செலவுக்குப் பயந்து டர்னே வைக்காத இலவசத் தளங்கள் உண்டு. அங்கே ‘இணைக்கிறது’ என்று சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

‘வீடியோ அழைப்பு நன்றாகத்தானே போகிறது’ என்பீர்கள். கேமராவுக்கோ மைக்குக்கோ அனுமதி கொடுத்த பக்கத்துக்கு உலாவி உண்மையான உள் முகவரியையே தந்துவிடும். கோப்பு அனுப்பும் பக்கத்துக்குக் கேமரா தேவையில்லை, அதனால் பெயர்தான் கிடைக்கும். பெரிய அழைப்புகள் எப்படியும் வெளி சர்வர் வழியாகத்தான் போகின்றன. ஆகவே அழைப்பை வைத்து இதை அளக்க முடியாது.

கணினி கம்பியிலும் கைபேசி வைஃபையிலுமாக வெவ்வேறு விலேன்களில் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனித்தனிப் பகுதிகளில்) இருந்தால் மல்டிகாஸ்ட் எல்லை தாண்டாது. இந்தப் பெயர்க் கேள்விகளை ஒரு விலேனிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் அவாஹி மென்பொருளின் ரிஃப்ளெக்டர் வசதியை இயக்கலாம். ஆனால் பிரிண்டர், டிவி என்று குறிப்பிட்ட சேவைகளை மட்டும் கடத்தும் கேட்வேயாக இருந்தால் இந்தத் தற்செயல் பெயர்கள் அதில் நுழையாது. நிறுவனம் நிர்வகிக்கும் கணினிகளில் இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. குரோம் கொள்கைகளில் ‘வெப்ஆர்டிசி லோக்கல் ஐபிஸ் அலவ்டு யூஆர்எல்ஸ்’ என்பதில் நீங்கள் நம்பும் தளத்தைச் சேர்த்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் உலாவி உள் முகவரியை மறைக்காது. உலாவி ஏதாவதொரு யூடிபி போர்ட்டை எடுத்துக்கொள்வதால் விலேன்களுக்கு இடையே ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து பயனில்லை. யூடிபி போர்ட் வரம்புக்கும் ஒரு கொள்கை உண்டு. அதை ஒரு சிறு வீச்சுக்குள் அடக்கிவிட்டு அந்த வீச்சை மட்டும் திறந்தால் போதும்.

‘பி2பி’ (கருவிக்குக் கருவி நேரடிப் பகிர்வு) என்ற சொல்லைக் கண்டதும் டாரன்ட் என்று எண்ணி அந்த வகை முழுவதையும் ஃபயர்வாலில் தடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டன், டிடிஎல்எஸ் இரண்டையும் அடைத்தால் கோப்பு மட்டும் நிற்காது, வீடியோ கூட்டங்களும் தடுமாறும். உலாவியில் ஓடும் டாரன்ட்டும் வெப்ஆர்டிசியைத்தான் பயன்படுத்துகிறது, மறுக்கவில்லை. அதைத் தடுக்க வேண்டுமானால் பகிர்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் டிராக்கர் சர்வர்களின் முகவரிகளில் கை வையுங்கள்.

ஐசொலேஷனை நீக்கவே முடியாத இடங்களில் இடைத்தரகு சர்வரை உங்கள் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். கோடர்ன் என்ற திறமூல டர்ன் மென்பொருள், அடக்கமான லினக்ஸ் கணினி ஒன்றிலேயே ஓடும். 3478 போர்ட்டும், 49152 முதல் 65535 வரையிலான யூடிபி வீச்சும் அதற்கு வேண்டும். கடவுச்சொல் இல்லாமல் விட்டால் உங்கள் உள் நெட்வொர்க்குக்கே சுரங்கப்பாதை வெட்டியதாகிவிடும். எனவே குறுகிய காலத்தில் காலாவதியாகும் அனுமதிச் சீட்டு முறையை இயக்குங்கள், உள் முகவரி வரம்புகளைத் தடைப் பட்டியலில் போடுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை மொத்தமாகத் தடுத்தால் அதற்குள் இருக்கும் கோடர்னின் சொந்த முகவரியும் அடைபட்டு, இரு முனையும் டர்னில் நிற்கும் இணைப்பு தோற்றுப்போகும். அந்த ஒரு முகவரியை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். இரண்டிலும் இருக்கும் முகவரியை அனுமதிக்கப்பட்டதாகவே கோடர்ன் எடுத்துக்கொள்ளும். பேர்டிராப் போன்ற திறமூலக் கோப்புப் பகிர்வுத் தளத்தை அதே கணினியில் நிறுவி, இந்த டர்ன் முகவரியை அதன் அமைப்பில் கொடுத்துவிட்டால் கோப்பு கட்டடத்தை விட்டு வெளியேறாது.

எல்லாப் பழியும் உங்கள் மேல் இல்லை. திரை அணைந்ததும் கைபேசி உலாவி பக்கத்தை உறங்க வைப்பது, பெரிய கோப்பு பெறுபவரின் நினைவகத்தை நிரப்பிவிடுவது, அனுப்பும் வரிசை வழியும்போது இணைப்பு அறுவது எல்லாம் எங்கள் பக்கத்துப் பிழைகள். அவற்றை உங்கள் உதவி மேசைக்கு அனுப்ப மாட்டோம்.

சோதிப்பதற்கு 10 நிமிடம் போதும். குரோமில் ‘வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊழியர் வைஃபையில் இரு கருவிகளுக்கிடையே ஒரு 100 எம்பி கோப்பை அனுப்புங்கள். தேர்வான ஜோடியின் வகை ‘ஹோஸ்ட்’ (உள் முகவரி) அல்லது ‘பிஆர்ஃப்ளெக்ஸ்’ (சோதனையின்போது தெரியவந்த முகவரி) என்றிருந்தால் கோப்பு நேராகப் போகிறது. ‘ரிலே’ (டர்ன் வழி) என்றிருந்தால் ஐசொலேஷனை ஒரு சோதனை எஸ்எஸ்ஐடியில் மட்டும் அணைத்து மீண்டும் பாருங்கள். அப்போதும் ‘ரிலே’ வந்தால் மல்டிகாஸ்ட் அமைப்பைத் திறந்து, 5353 எங்கே நிற்கிறது என்று தேடுங்கள்.

இப்படிக்கு,
உலாவி வழிக் கோப்புப் பகிர்வுக் கருவிகளைப் பராமரிப்போர்