அந்த 'அப்படியே'வைத் திருத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சிக் கொடுக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது பற்றிய கட்டுரையில் 'கழற்றிச் சுத்தம் செய்து அப்படியே திரும்ப மாட்டிவிடலாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த 'அப்படியே' இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. 22 வருடமாக, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயான ஃபியூயல் ரெயிலைக் கழற்றி மாட்டிப் பிழைக்கிறவன் நான்.

இன்ஜெக்டரின் தலையில் ஒன்று, அடியில் ஒன்று என்று ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேலே இருப்பது ரெயிலில் பெட்ரோல் கசியாமல் பிடிக்கிறது, கீழே இருப்பது இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்று புகாமல் தடுக்கிறது. வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த ரப்பர் அது. கழற்றியதை நகத்தால் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், வெளி ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடும். அதையா திரும்பப் போடச் சொல்கிறீர்கள்?

போன மாதம் ஒருவர் வீட்டிலேயே இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டிவிட்டு, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று வண்டியை ஓட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். பானட்டைத் திறந்தால் மூன்றாவது இன்ஜெக்டரின் கழுத்தில் பெட்ரோல் முத்து முத்தாகத் திரண்டு வழிந்துகொண்டிருக்கிறது. சாதாரண பெட்ரோல் வண்டியிலேயே ரெயிலில் 3, 4 பார் அழுத்தம் நிற்கும், ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். ஒரு பொறி போதும். பின் சீட்டில் அவர் குழந்தை உட்கார்ந்திருந்தது, எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு டீசல் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு பற்றி எழுதியபோது, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தலாம் என்று போட்டிருந்தீர்கள். அது பழைய பம்ப் வண்டிக்குச் செய்கிற வேலை. காமன் ரெயிலில் அழுத்தம் 1,500 பாருக்கு மேலேயும் போகும். நட்டைத் தளர்த்தினால் பீச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கினால் வெளியே ஊசி குத்தின அடையாளம்தான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலை எடுக்கிற நிலைமைகூட வரும். அப்போதும் கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் வரவில்லை. காரின் தொடுதிரை பற்றி நான்கு பக்கம் எழுத இடம் இருக்கிறது. புது ஓ-ரிங் போட வேண்டும் என்று நான் சொன்னால், 'பத்திரிகையில் அப்படிப் போடவில்லையே, காசு பிடுங்கத்தான் சொல்கிறீர்கள்' என்று வண்டிக்காரர்கள் என்னையே திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பவன் நான்தான் சார்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு ஓரமாக இரண்டு வரி போடுங்கள். பெட்ரோல் ரெயிலைத் தொடும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். அப்புறம், மாட்டும்போது எல்லா ஓ-ரிங்கும் புதிதாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உங்கள் இதழைப் படிக்கும் ஒரு மெக்கானிக்