ஓடும் பஸ்ஸில் திரை அணைந்த போனில் பெண்களை வீடியோ எடுப்பதைத் தடுக்கக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நான் 11 வருடமாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். எங்கள் ஷிப்டுக்கு டவுன் பஸ்தான். போன மாதம் ஒரு நாள் காலை, டெய்லருக்கு உதவும் கைமடி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த 19 வயதுப் பெண் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எதிரே நின்றவர் மஞ்சப்பையோடு சேர்த்து ஒரு போனையும் பிடித்திருந்தார். திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் துப்பட்டாவைச் சரிசெய்து திரும்பும்போதெல்லாம் போனும் அவள் பக்கமே சாய்ந்தது. பையின் ஓரத்தில் கேமரா மட்டும் வெளியே தெரிந்தது.

கையைப் பிடித்துவிட்டேன். போன் அயர்ன் டேபிளில் இருந்து எடுத்த துணி மாதிரி கொதித்தது. “ஆஃப்ல இருக்குங்க, பாருங்க” என்று கறுப்புத் திரையைக் காட்டினார். கண்டக்டரும் எட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்க்ரீன் ஆஃப்லதானம்மா இருக்கு” என்றார். அடுத்த நிறுத்தத்தில் அந்த ஆள் இறங்கிப் போய்விட்டார். காவல் நிலையத்திலும் அதே பதில்தான்: போன் அணைந்திருந்தால் எப்படி வீடியோ ஓடும்? மனு ரசீதுகூடத் தரவில்லை.

ஓடும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. திரையை அணைத்த பிறகும் பதிவைத் தொடரும் ஆப்கள் இருக்கின்றன. வால்யூம் பட்டனை அழுத்தினாலே தொடங்கிவிடும், சத்தமும் வராது. ஆண்ட்ராய்டு 12-இல் இருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14-இல் இருந்தும், கேமரா இயங்கினால் திரையின் மேல்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். திரையே இருட்டாக இருந்தால் அந்தப் புள்ளியை யார் பார்ப்பது? என் மகன் வீட்டில் செய்து காட்டியபோதுதான் எனக்கும் இது புரிந்தது.

அந்த ஆப்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் அடிவாங்கும் பெண் ஆதாரம் சேர்க்க அதே வழியைத்தான் நம்பியிருக்கலாம். பயணிகளின் போனைப் பொதுமக்கள் பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம், அது வேறு வம்பில் முடியும்.

புதிய சட்டமும் தேவையில்லை. 1998-இல் ஈவ்டீசிங் தடைச் சட்டமாக வந்து, பிறகு பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாறிய தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது ஓட்டுநர், நடத்துநரின் கடமை என்று அதிலேயே உள்ளது. அன்று அது நடந்திருந்தால் போனும் ஆளும் நிலையத்தில் இருந்திருப்பார்கள். பெண்ணின் அந்தரங்க உடல் பகுதியைச் சம்மதமின்றிப் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆகவே, திரை கறுப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, புகார் வந்தால் பஸ்ஸை நிலையத்துக்கு விட வேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்துக்கும் தனியார் பஸ் உரிமையாளர்களுக்கும் தாங்கள் எழுத வேண்டும். நிலையத்தில் போலீசார் முன்னிலையில் திரையை எழுப்பிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதுவரை போன் அந்த ஆளின் கைக்குத் திரும்பப் போகக் கூடாது, ஒரு நிமிடம் போதும் அழிக்க. புகாரைப் பெற்று அன்றே ரசீது தரும்படி காவல் துறைக்கும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

அந்தப் பெண் இப்போது பஸ் ஏறுவதில்லை. காலையில் நடந்தே வருகிறாள், லேட்டானால் கூலியில் பிடிக்கிறார்கள். அன்றைய கட்டணமில்லா டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். அழைத்தால் இருவரும் நேரில் வந்து வாக்குமூலம் தருகிறோம்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி டெய்லர் ஒருவரும், உடன் வேலை செய்யும் 14 பெண்களும்
(கையொப்பங்கள் பின்பக்கம்)