சீட்டை யார் படித்துச் சொல்வார்கள்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் நலம். அப்பத்தாவுக்கு மூட்டு வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறதா என்று தினமும் என்னைக் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்பில் கட்டியோடு வந்த அந்த அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை என்றாய். "எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறாங்கம்மா, உயிர் மேல அக்கறையே இல்ல" என்றபோது உன் குரல் உடைந்துவிட்டது. நான் அப்போது அதிகம் பேசவில்லை. காலையிலிருந்து நின்று ஓ.பி. பார்த்துவிட்டு வந்தவளிடம் எதைச் சொன்னாலும் புத்திமதியாகத்தான் காதில் விழும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தச் சீட்டு இங்கிலீஷில்தானே இருந்தது? அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நீயே சொன்னாய். எந்த வார்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர் அதை யாரிடமாவது காட்டியாக வேண்டும். வீட்டில் படித்தவர் யார்? பெரிய மகன் இருப்பான், கொழுந்தனார் இருப்பார். அவர்கள் கையில் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்று எப்படிக் கேட்பார்? கட்டி எங்கே இருக்கிறது என்று வளர்ந்த மகன் வாசித்துச் சொல்ல, தாய் நின்று கேட்க வேண்டுமே. அந்தச் சீட்டு இன்னமும் அரிசிப் பானையிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் வீட்டில் இதுவரை வாயே திறந்திருக்க மாட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியவரப் பல வருஷம் ஆனது. 1991-ல் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு உசிலம்பட்டிக்கு மேற்கே அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இருபது கட்டில், ஒரு டாக்டர், மூன்று நர்சம்மாக்கள், ஒரு பழைய வேன். சமூகப் பணியாளர் என்றால் என்ன வேலை என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்க மனு எழுதினேன், பிறந்த தேதி பதிந்தேன், வழி சொன்னேன். ஜனங்கள் என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசிவரை அதுதான் என் பெயர்.

அது உசிலம்பட்டியின் பெயர் பத்திரிகைகளில் பெண் சிசுக்கொலைக்காகவே அடிபட்டுக்கொண்டிருந்த காலம். வளர்க்க முடியாத பெண் பிள்ளையை அரசிடமே விட்டுவிடலாம் என்று 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டு வந்தார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் வார்டே பேச்சில்லாமல் ஆகிவிடும். மாமியார் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நான் கூடவே பஸ் ஏறிப் போவேன். அடுத்த வாரமும் போவேன், அதற்கடுத்த வாரமும் போவேன். போய் உபதேசம் எதுவும் செய்ததில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, எடை கூடியிருக்கிறதா என்று பார்த்து, "போன வாரத்துக்கு முகம் தெளிஞ்சிருச்சே" என்று அந்த மாமியாரிடமே கொடுத்துவிட்டு வருவேன். அப்படி நான் மடியில் போட்ட பிள்ளைகளில் ஒருத்தி இப்போது நர்சாக இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துபோன வீடுகளும் உண்டு. அந்த வாசல்கள் இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரியும்.

சின்ன ஆஸ்பத்திரியில் ஜனங்களை அதிகம் பயமுறுத்துகிற வார்த்தை எது தெரியுமா? 'ரெஃபர்'. "ரெஃபர் பண்ணிட்டாங்க" என்றால் எங்கள் பக்கத்தில் 'கைவிரிச்சுட்டாங்க' என்றுதான் அர்த்தம். மதுரைப் பெரியாஸ்பத்திரி 40 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே போனவர் திரும்பி வரமாட்டார் என்று நம்பியவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உண்மையில் அங்கே பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். பிழைத்தவர் நடந்து வந்து பஸ்ஸில் இறங்குவார், யாரும் கவனிக்க மாட்டார்கள். இறந்தவர் வண்டியில் வருவார், ஊரே கூடும். ஊர் எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், சொல்லு?

108 வருவதற்கு முந்தைய காலம். ஒரு ஐப்பசி மாதம், களத்துமேட்டில் ஒருத்தரை விரியன் கடித்துவிட்டது. மந்திரிக்கிறவரிடம் போகாமல் நேரே எங்களிடம் கொண்டு வந்திருந்தார்கள், அதுவே பெரிய விஷயம். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஜன்னல் திட்டில் நிறுத்தினார். உனக்குத் தெரிந்ததுதான், விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது; 20 நிமிஷம் அசைக்கக் கூடாது, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். அந்த 20 நிமிஷமும் அவர் சம்சாரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். நேரம் முடிந்து டாக்டர் சாய்த்தார். ரத்தம் உறையவில்லை, தண்ணீர் மாதிரி வழிந்தது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆனால் சிறுநீர் இறங்கவில்லை, டயாலிசிஸ் தேவைப்படலாம், மதுரைக்குப் போயே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அந்தப் பெண் முடியாது என்று ஒரே பிடியாக நின்றது. டாக்டர் சத்தம் போட்டார், நர்சம்மா கெஞ்சினார். உயிர் மேல் அக்கறை இல்லை என்று நீ சொன்னதையே அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

நான் வெளியே கூட்டிப்போய், "ஏத்தா, வீட்ல யாரு இருக்கா?" என்றேன். ரெண்டு சின்னப் பிள்ளைகள். அப்புறம் ஒரு சினை மாடு, இன்றைக்கோ நாளைக்கோ ஈன்றுவிடும். கடன் வாங்கிப் பிடித்த மாடு. அது செத்தால் கடன்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். அடுத்ததாக, "அங்க போனா ராத்திரி நான் எங்கிட்டுப் படுக்க டீச்சரம்மா?" என்று கேட்டது. இவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரிக்கு ஆள் அனுப்பி மாட்டுக்கு ஏற்பாடு செய்தோம். பிள்ளைகளை அவர்கள் அத்தை வீட்டில் விட்டோம். அந்தப் பெண்ணோடு நானே வேனில் ஏறினேன், அன்றிரவு வார்டுக்கு வெளியே வராண்டாவில் அது பக்கத்தில் சேலையை விரித்துப் படுத்தேன். நீ அப்போது நாலாம் வகுப்பு. மறுநாள் உனக்கு ஸ்கூலில் பேச்சுப் போட்டி. அப்பத்தாதான் தலை பின்னி அனுப்பினார். அதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அந்த மனிதர் பிழைத்தார். மாடும் கன்று போட்டது.

அதன்பிறகுதான் அந்த நீளமான நோட்டுப் போட்டேன். போக மாட்டேன் என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேட்டு அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். கரும்பு வெட்டு. தோடு அடகில் இருக்கு, வெறுங்காதோட டவுனுக்கு எப்படிப் போறது. கூட இருக்கப் பொம்பள ஆள் இல்ல. மக பரிட்சை. பெரியாஸ்பத்திரியில வாசல் எதுன்னு தெரியாது. சாவு பயம் என்று எழுதிய பக்கங்கள் குறைவு.

மதுரைக்காரர்கள் நாம் இதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஆபரேஷன் இலவசம் என்றாலும் கிராமத்து ஜனங்கள் எல்லோரும் வந்துவிடவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி என்று எல்லாம் குறுக்கே நின்றது. முகாமிலிருந்தே வண்டி வைத்து அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டு வந்து விட்ட பிறகு கூட்டம் வந்தது. அதற்கும் முன்னால், டி.வி.எஸ். வீட்டுப் பெண் டாக்டர் சௌந்தரம் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது கிராமத்துப் பெண்களைத் தேடித்தான் வந்தார். மதுரையில் அவருக்கு என்ன குறை? நான் இந்த வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்த நாட்களில் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

விட்டுவிட நினைத்தது உண்மை. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஜன்னி கண்டது. முதல் ஊசி போட்டு, கடிதம் எழுதி, வேனில் ஏற்றி அனுப்பினோம். அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. கடிதம் போதும் என்று நினைத்தேன். வழியிலேயே இருக்கிறதே என்று புருஷன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருக்கிறார். முன்பணம் கேட்டு, இல்லையென்றதும் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளை இல்லை. அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. ஆனால் நான் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுவிட்டு, எங்கேயும் நிறுத்தாமல் நேரே போங்கள் என்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து முதலில் போன், பிறகு கடிதம், பிறகுதான் வண்டி.

பிற்பாடு பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி, எழுமலைப் பக்கம் இருந்த சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பஸ்ஸில் அலைந்தது உனக்கே தெரியும். 2008-ல் 108 வந்தது, வேன் கவலை தீர்ந்தது. காப்பீட்டுத் திட்டம் வந்தது. வந்தும் என்ன, ஆளைக் கட்டிலில் போட்ட பிறகுதான் அட்டை இல்லை என்று தெரியவரும். அப்போது வரம்பு 72,000 ரூபாய்; வருஷ வருமானம் அதற்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸ் போய்ப் போட்டோ எடுத்து வருவதற்குள் வியாதி காத்திருக்குமா? அதனால் நோய் வருவதற்கு முன்பே ஊர் ஊராகப் போய் அட்டை எடுக்க வைத்தோம். மகப்பேறு உதவித்தொகை 12,000 ஆனபோது, பாஸ்புக் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சண்டை போட்டேன். அதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

போன இடமெல்லாம் நான் முதலில் கேட்டது ஒரு திண்ணை. துணைக்கு வருகிறவர் படுக்க ஒரு இடம், குடிக்கத் தண்ணீர், குளிக்க ஒரு மறைப்பு. ஸ்கேன் மெஷினுக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், திண்ணைக்குக் கிடைக்க மாட்டார்கள். மூன்று இடத்தில் கட்ட வைத்தேன். ஒரு ஆஸ்பத்திரி பிறகு மூடிவிட்டது, வயதான டாக்டருக்குப் பிறகு வர ஆளில்லை. அந்தத் திண்ணையில் இப்போது ஆடு படுத்திருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது வயிற்றைப் பிசையும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவை மறுபடி ஓ.பி.க்குக் கூப்பிட்டு அனுப்பாதே, நாலு பேர் முன்னால் வரமாட்டார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கப் போகிற பெண் அந்த ஊரிலும் இருப்பாள். அவளையோ கிராம நர்சம்மாவையோ துணைக்கு வைத்துக்கொண்டு, ஆண்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து நீயே போ. டாக்டரம்மா வீட்டுக்கு வந்ததே அந்த அம்மாவுக்குப் பாதி தைரியம் கொடுக்கும். போனதும் கட்டியைப் பற்றிப் பேசாதே. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. வீட்டில் யார் யார், ஆடு மாடு உண்டா, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்றா என்று கேள். மகளோ அக்காவோ இருந்தால் அவரைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். அப்புறம் அங்கே எந்த வாசலில் நுழைய வேண்டும், பொம்பளை டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று விசாரித்து, தமிழில், பெரிய எழுத்தில், கட்டி என்ற வார்த்தையே இல்லாமல் வேறொரு சீட்டு எழுதிக் கொடு. இங்கிலீஷ் சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிடு.

முறுக்கும் பருப்புப் பொடியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அடியில் அந்த நீள நோட்டும் இருக்கிறது, பழைய பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். அட்டை பிய்ந்திருக்கும், பார்த்துப் பிரி.

அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்து போன் பண்ணு. எத்தனை மணி ஆனாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா
உசிலம்பட்டி